நிக்கோவின் பெயரும் திண்டுக்கல் காரமும்

தெற்கே போகும் ரயிலில் திண்டுக்கல் நெருங்குவதை யாரும் அறிவிக்க வேண்டியதில்லை. கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலைத் தொடர். இரண்டுக்கும் இடையே பரந்து கிடக்கும் சமவெளியில், எந்தக் கூட்டத்திலும் சேராமல் ஒரு பாறை தனியே படுத்திருக்கிறது. யாரோ ஒரு பெரிய மனிதர் சாய்ந்துகொள்வதற்காகப் போட்டு வைத்த திண்டைப் போல இருக்கிறது அது. திண்டு போன்ற கல் இருக்கும் ஊராகையால் திண்டுக்கல். இந்தப் பெயருக்குக் காரணம் தேடி ஓலைச் சுவடிகளைப் புரட்ட வேண்டாம். அண்ணாந்து பார்த்தால் போதும். அந்தப் பாறைமேல் நாயக்க மன்னர்கள் கோட்டை கட்டினார்கள். 1755இல் ஹைதர் அலி அங்கே வந்து அமர்ந்தார். 1792இல் ஆங்கிலக் கம்பெனியாரின் கைக்குக் கோட்டை போயிற்று. ஆண்டவர்கள் மாறினார்கள், திண்டும் மாறவில்லை, கல்லும் மாறவில்லை.

பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர்போன ஊர் இது. நாம் வந்தது இரண்டுக்குமல்ல; ஒரு பெயருக்காக. நம்முடன் பிரயாணம் செய்த நண்பர் கல்லூரியில் ரஸாயனம் போதிப்பவர். வண்டி நிலையத்தை விட்டுப் புறப்பட்டதுமே, "நிகோட்டின் என்கிறோமே, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?" என்று நம்மைக் கேட்டு வைத்தார். புகையிலையில் உள்ள சத்துக்கு நிகோட்டின் என்று பெயர். ஆகவே லத்தீனில் புகையிலைக்கோ விஷத்துக்கோ அப்படி ஒரு சொல் இருக்கும் என்று மிகுந்த தைரியத்துடன் பதில் சொன்னோம். நண்பர் சிரித்தார். "அது ஒரு மனிதரின் பெயர். புகையிலையை விற்றுப் பிழைத்தவருமல்ல, ஆராய்ந்து கண்டவருமல்ல. ராஜாங்கத் தூதர்" என்றார். பெயர் ஒரு பக்கம் இருக்கட்டும், பெயருக்கு உரிய பொருளை முதலில் வயலில் பார்த்துவிடுவோம் என்று தீர்மானித்தோம்.

திண்டுக்கல்லிலிருந்து வடக்கே கரூர் சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் போனால் வேடசந்தூர். குடகனாற்றின் ஓரமாய் அமைந்த ஊர். ஆற்றில் தண்ணீர் எப்போதும் ஓடும் என்று சொல்ல முடியாது. இந்தப் பக்கத்து விவசாயம் பெரும்பாலும் கிணற்றை நம்பியது. பல கிணறுகளில் தண்ணீர் சற்று உவர்ப்பாக இருக்கும். வேறு பயிர் அந்தத் தண்ணீரைக் கண்டு முகத்தைச் சுளிக்கும். வாயில் போடும் புகையிலை மட்டும், "எனக்கு இதுதான் ருசி" என்று குடித்து வளர்கிறது. உவர்க் கிணற்றுப் புகையிலைக்குத் தனி மவுசு என்று அந்தப் பக்கத்தார் சொல்லக் கேட்டோம்.

நாம் போனது தை மாதத்தில் ஒரு காலை. பனி இன்னும் இலையை விட்டு இறங்கவில்லை. இடுப்பளவு வளர்ந்த செடிகளின் நடுவே ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக நின்று கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள். செடியைப் பூக்க விடுவதில்லை. உச்சியைக் கிள்ளி எறிந்தால், பூவுக்கும் விதைக்கும் போக வேண்டிய சத்தெல்லாம் இலைக்குத் திரும்பி இலை தடிக்கிறது. பிறகு பக்கத்தில் முளைக்கும் கிளைகளையும் ஒடித்துவிட வேண்டும். சொந்தக்காரரான முதியவர் வரப்பில் துண்டை விரித்து நம்மை உட்காரச் சொன்னார்.

"ஏன் ஐயா கிள்ளுகிறீர்கள்? கிள்ளாவிட்டால் என்ன?" என்று கேட்டோம்.

"கிள்ளலைன்னா இலையிலே காரம் ஏறாதுங்க" என்றார் அவர். "காரம் இல்லாத போயிலையை எவன் வாங்குவான்?"

காரம்! நம் நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தச் சொல்லுக்குப் பிறகு வருவோம். முதியவர் சொன்னது முற்றிலும் உண்மை. நிகோட்டின் இலையில் பிறப்பதில்லை. வேரில் பிறந்து இலைக்கு ஏறுகிறது. 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இதை ஒரு வேடிக்கையான பரீட்சையால் நிரூபித்தார்கள். புகையிலை வேரின்மேல் தக்காளித் தண்டை ஒட்டுக் கட்டினார்கள். தக்காளி இலையில் நிகோட்டின் வந்து சேர்ந்தது. தக்காளி வேரின்மேல் புகையிலைத் தண்டை ஒட்டினார்கள். அந்தப் புகையிலை ஏறக்குறைய வெறும் இலையாக நின்றது. பூச்சி கடித்தாலும் சரி, மனிதன் கிள்ளினாலும் சரி, செடிக்கு அது காயந்தான். காயம் பட்டதும் வேர் அதிக நிகோட்டினை உண்டாக்கி மேலே அனுப்புகிறது. செடி தன் எதிரியை விரட்டச் செய்துகொண்ட ஆயுதம் அது. அந்த ஆயுதத்தைத்தான் மனிதன் வெற்றிலையில் மடித்து வாயில் போட்டுக்கொள்கிறான்!

இனி தூதர் கதை. முதியவர் கேட்கக் கேட்க, நண்பர் வரப்பிலேயே அதைச் சொன்னார்.

பிரெஞ்சு தேசத்தில் நீம் என்ற ஊரில் 1530இல் பிறந்தவர் ழான் நிக்கோ. 1559இல் பிரெஞ்சு அரசர் அவரை லிஸ்பனுக்குத் தூதராக அனுப்பினார். போன காரியம் ஒரு கல்யாணப் பேச்சு. போர்ச்சுகல் ராஜா செபஸ்தியானுக்குப் பிரெஞ்சு ராஜகுமாரி மார்கரீத்தை முடிக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு வயது ஐந்து. பெண்ணுக்கு வயது ஆறு. கல்யாணம் நடக்கவில்லை. ஆனால் தூதர் வெறுங்கையோடு திரும்பவில்லை. போர்த்துகீசியக் கப்பல்கள் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்த ஒரு புதுச் செடியை அவர் லிஸ்பனில் தம் தோட்டத்தில் வளர்த்தார். ஆறாத புண்ணுக்கு அதன் இலையை வைத்துக் கட்டி ஆற்றியதாகச் சொல்லிக்கொண்டார்கள். 1560இல் அதைப் பற்றிப் பாரிஸுக்கு எழுதினார், விதையும் அனுப்பினார். கத்தரீன் ராணியின் தலைவலிக்கு அது மருந்தாயிற்று என்று ஒரு கதை உண்டு. அரண்மனையில் ஒரு பொருள் பரவினால் ஊரில் பரவுவதற்கு எத்தனை நாள்? அந்தச் செடியை ராணி மூலிகை என்றார்கள் சிலர். தூதர் மூலிகை என்றார்கள் சிலர். கடைசியில் நிக்கோவின் பெயரே நிலைத்தது.

இதில் வயிறெரிந்தவர் ஒருவர் உண்டு. ஆந்திரே தெவே என்ற பாதிரியார். 1555இல் பிரேஸிலுக்குக் கப்பலேறிப் போய், அங்குள்ளவர்கள் இலையைச் சுருட்டிப் புகைப்பதைக் கண்ணால் பார்த்து வந்து, புத்தகமும் எழுதியவர் அவர். விதையை முதலில் பிரான்சுக்குக் கொண்டுவந்தவர் தாமே என்றும் வாதாடினார். தம் பிறந்த சீமையின் பெயரை அந்தச் செடிக்கு வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. கடல் தாண்டிப் போகாத ஒரு மனிதரின் பெயர் அதில் ஏறிவிட்டதே என்று அவர் அங்கலாய்த்தது இன்றும் அச்சில் இருக்கிறது. கடல் தாண்டியவனைவிட அரண்மனைக்குக் கடிதம் எழுதியவனுக்குப் பெயர் கிடைப்பது உலகத்தில் புதிதல்லவே!

இன்னொரு விசித்திரம்: இந்த நிக்கோ ஓர் அகராதிக்காரர். உத்தியோகத்தை விட்டபின் பிரெஞ்சுச் சொற்களைத் தொகுப்பதிலேயே காலத்தைக் கழித்தார். அவர் காலமான பிறகு 1606இல் வெளிவந்த அந்தப் பேரகராதியில், அவர் பெயரால் வழங்கிய மூலிகையின் பெயரும் ஒரு சொல்லாக இடம்பெற்றது. சொற்களுக்கெல்லாம் பொருள் எழுதிய மனிதர் தாமே ஒரு சொல்லாகிவிட்டார்.

1753இல் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் உலகத்துச் செடிகளுக்கெல்லாம் சாஸ்திரப் பெயர் வைத்தபோது இந்தக் குலத்துக்கு 'நிக்கோட்டியானா' என்று முத்திரை குத்தினார். பிறகு 1828இல் ஜெர்மனியில் ஹைடல்பர்க் சர்வகலாசாலையில் போஸெல்ட் என்ற வைத்தியரும் ரைமான் என்ற ரஸாயனக்காரரும் சேர்ந்து, அந்த இலையின் உயிர்ச் சத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தார்கள். நிறமில்லாத எண்ணெய் போன்ற திரவம். காற்றுப் பட்டால் பழுப்பாகும். பெயர் வைக்க அவர்கள் அலையவில்லை. அந்தக் காலத்தில் தாவரங்களிலிருந்து இப்படிப் பிரித்த பொருள்களுக்கெல்லாம் 'இன்' என்று முடிவு கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அபினியில் மார்பின், சிங்கோனாப் பட்டையில் குயினின், காப்பியில் காபின். அதே வரிசையில் நிக்கோட்டியானாவிலிருந்து வந்தது நிகோட்டின். பிரெஞ்சுக்காரர் தம் தூதரின் பெயரை 'நிக்கோ' என்றே உச்சரிக்கிறார்கள். கடைசியில் நிற்கும் 'ட்' எழுத்தளவில்தான். அவர் நாட்டில் வாய் திறவாத அந்த எழுத்து விஷத்தின் பெயரில் ஏறி உலகமெங்கும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

விஷம் என்று வெறும் வாய்ப் பேச்சாகச் சொல்லவில்லை. 1850இல் பெல்ஜியத்தில் ஒரு பிரபு தம் மைத்துனரை நிகோட்டின் கொடுத்துக் கொன்றார். தாவர விஷம் உடம்பில் தடயம் வைக்காது என்று அவர் நம்பியிருந்தார். ஸ்டாஸ் என்ற ரஸாயன நிபுணர் இறந்தவர் உடலிலிருந்தே அதைப் பிரித்துக் காட்டினார். மறு வருஷம் பிரபுவின் தலை போயிற்று.

முதியவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அந்தத் துரை தோட்டத்திலே நட்டாருன்னீங்களே, கொழுந்து கிள்ளினாராமா?" என்று விசாரித்தார். அதைப் பற்றி ஒரு தகவலும் இல்லை என்றோம். "கிள்ளியிருக்க மாட்டாரு. மூலிகைன்னு நினைச்சவரு எதுக்குக் கிள்ளப் போறாரு" என்று தாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்.

இப்போது 'காரம்' என்ற சொல்லுக்கு வருவோம். ரஸாயனத்தில் நிகோட்டின், மார்பின், குயினின் முதலிய பொருள்களுக்கு ஆல்கலாய்டு என்று பொதுப் பெயர். ஆல்கலி போன்றது என்பது பொருள். ஆல்கலி என்பது அரபிச் சொல். உவர் நிலத்துச் செடியை எரித்த சாம்பலைக் குறித்து வந்தது. தமிழில் ஆல்கலிக்கு என்ன பெயர்? காரம்! வடமொழியில் க்ஷாரம் என்றதன் தமிழ் வடிவம். வண்ணான் காரம், வெங்காரம் என்று நம் பாட்டிமார் சொன்னதெல்லாம் அந்தக் காரந்தான். நாக்கில் சுறுக்கென்று பிடிக்கும் மிளகாய்க் காரத்துக்கும் அதே சொல்லை வைத்துக்கொண்டோம். வேடசந்தூர் முதியவர் இலையின் உறைப்பைக் காரம் என்றார். ஹைடல்பர்க் ஆய்வாளர்கள் கண்டுபிடித்ததும் ஒரு காரப் பொருள். முன்னவர் நாக்கால் கண்டார். பின்னவர் வாலையில் வடித்துக் கண்டார். நிகோட்டின் என்ற பெயர் அந்தப் பொருளைப் பற்றி நமக்கு ஒன்றுமே சொல்லுவதில்லை. ஒரு தூதரின் முகவரியைத்தான் சொல்லுகிறது. காரம் என்ற பெயரோ அதன் குணத்தையே சொல்லிவிடுகிறது. இரண்டில் எது சாஸ்திரீயமான பெயர் என்று நம்மைக் கேட்டால், வரப்பில் உட்கார்ந்திருந்தவர் பக்கமே நாம் சாய்வோம்.

அது மட்டுமா? வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிப் புகையிலை போடுகிறார்களே, அந்தச் சுண்ணாம்பும் காரம். இலைக்குள் அமிலங்களோடு கட்டுண்டு கிடக்கும் நிகோட்டினை அது விடுவித்துவிடுகிறது. விடுபட்ட நிகோட்டின் வாயின் மெல்லிய தோல் வழியே விரைவாக ரத்தத்தில் கலக்கிறது. புகையிலைச் சாற்றோடு காரத்தைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆவியோடு நிகோட்டினை வடித்தெடுப்பது ரஸாயனசாலை வழக்கம். அதே வேலையைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவர் தம் கன்னத்துக்குள்ளேயே நடத்துகிறார்!

புகையிலை நம் நாட்டுச் செடியல்ல; போர்த்துகீசியர் மூலமாக வந்தது. அக்பர் சபைக்கு அது 1600ஐ ஒட்டித்தான் எட்டிற்று. ஆக, அதே போர்த்துகீசியக் கப்பல்களின் வழியேதான் பாரிஸ் அரண்மனைக்கும் இலை போயிற்று, இந்தியக் கரைக்கும் வந்தது. அவர்கள் ஆளின் பெயரை வைத்தார்கள். நாம் புகையையும் இலையையும் ஒட்டிப் புகையிலை என்றோம். சுருட்டியதைச் சுருட்டு என்றோம். இந்தச் சுருட்டு என்ற சொல் கப்பலேறி 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் 'செரூட்' ஆகிவிட்டது. திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று உலகப் புகழ் பெற்றதற்கும் திண்டுக்கல் சமவெளியின் இலை உதவியது. ஸ்பென்ஸர் கம்பெனியார் திண்டுக்கல்லிலேயே சுருட்டுத் தொழிற்சாலை வைத்திருந்தார்கள். 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்துத் துப்பறிவாளர் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுகொள்கிறார். இலைக்குத் திண்டுக்கல், புகழுக்குத் திருச்சிராப்பள்ளி. தெவே பாதிரியாரின் வயிற்றெரிச்சல் இந்த ஊருக்கும் கொஞ்சம் புரியும்.

பெயர் ஒரு பொருளின்மேல் ஒட்டிக்கொண்டால் எத்தனை தூரம் துரத்தும் என்பதற்கு ஓர் அத்தாட்சி இதே சமவெளியில் இருக்கிறது. புகையிலைக்கு அடுத்த காட்டில் சோளம் நின்றது. சென்ற நூற்றாண்டில் சோளமும் மக்காச்சோளமும் தவிர வேறு அதிகமாக உண்ண வழியில்லாத ஏழைகளைப் பெல்லக்ரா என்ற நோய் பிடித்து ஆட்டியது. தோல் கறுத்து உரியும், வயிறு கழியும், புத்தி பேதலிக்கும். 1937இல் அமெரிக்காவில் எல்வேயம் என்பவர், நாய்களுக்கு வரும் அதை ஒத்த நோயை நிகோட்டினிக் அமிலம் குணப்படுத்துவதைக் கண்டார். நிகோட்டினைச் சிதைத்து முன்பே செய்து பார்த்த பொருள் ஆகையால் அதற்கு அந்தப் பெயர். குணத்தில் அது விஷமல்ல, உணவுச் சத்து. மனிதருக்கும் பலித்தது. ரொட்டி மாவில் அதைக் கலக்க ஏற்பாடாயிற்று. உடனே ஒரு சங்கடம். பெயரைக் கேட்டவர்கள், "ரொட்டியில் புகையிலையா?" என்று மிரண்டார்கள். 1942இல் நிகோட்டினிக், அமிலம், வைட்டமின் ஆகிய மூன்று சொற்களின் ஆங்கில எழுத்துக்களைக் கிள்ளி எடுத்துச் சேர்த்து 'நியாஸின்' என்று ஒரு புதுப் பெயர் செய்தார்கள். கொழுந்தைக் கிள்ளினால் காரம் ஏறும். பெயரைக் கிள்ளினால் காரம் இறங்கும் போலும்! தக்காணத்தில் சோளம் உண்பவரிடையே கண்ட பெல்லக்ராவுக்குக் காரணம் தேடி 1960இல் ஆராய்ச்சி வெளியிட்ட டாக்டர் ஸி. கோபாலன் சேலத்தில் பிறந்த தமிழர் என்பதையும் இங்கே சொல்லிவைப்போம்.

வேடசந்தூரில் 1948இல், நாடு விடுதலை அடைந்த மறு வருஷம், புகையிலைக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அங்கிருந்து தமிழ்நாட்டுக்கென வந்த மெல்லும் புகையிலை ரகங்களின் பெயர்கள் கேட்க இனியவை: பாக்யலக்ஷ்மி, மீனாட்சி, மரகதம், அபிராமி. திண்டுக்கல் நகரத்தின் நடுவே கோயில் கொண்டிருப்பவள் அபிராமி அம்மன். ஊர்த் தெய்வத்தின் பெயரை இந்த இலைக்குச் சூட்டியபோது பக்தி மிகுந்திருந்ததா, யோசனை குறைந்திருந்ததா என்று நாம் சொல்ல மாட்டோம். மறுபுறம், 2011இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகள், எந்த உணவுப் பொருளிலும் புகையிலையோ நிகோட்டினோ சேரக்கூடாது என்று பெயர் சொல்லித் தடுத்தன. அதை வைத்துத் தமிழக அரசு 2013இல் குட்காவையும் வாயில் போடும் புகையிலைப் பொருள்களையும் தடை செய்தது. லிஸ்பனில் கல்யாணம் பேசப் போன தூதரின் பெயர் இந்தியச் சட்டப் புத்தகத்தில் இப்படி வந்து உட்கார்ந்தது. வாய்ப் புற்றுநோயால் முகம் சிதைந்தவர்களை ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தவர்கள் அந்தத் தடைக்கு எதிராகப் பேச மாட்டார்கள். புற்றுக்கு முக்கிய காரணம் நிகோட்டின் அல்ல, அதோடு இலையில் இருக்கும் வேறு நச்சுப் பொருள்கள். ஆனால் அந்த இலையை விட முடியாமல் மனிதனைக் கட்டிப்போடுவது நிகோட்டின்தான்.

வெயில் ஏறிற்று. கொழுந்து கிள்ளிய பெண்களில் ஒருத்தி, இருபது வயதுகூட இருக்காது, வரிசையை விட்டு வெளியே வந்து வேப்பமர நிழலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் வாந்தி எடுத்தாள். மற்றவர்கள் திடுக்கிடவில்லை. "புதுசுங்க, பனி நேரத்திலே இறங்கினா அப்படித்தான் கிறுகிறுக்கும். பழகிடும்" என்று மூத்தவள் ஒருத்தி சொன்னாள். மூத்தவளின் கை முழங்கை வரையில் பச்சையும் கறுப்புமாகப் பிசின் ஏறியிருந்தது.

நம் நண்பரின் முகம் மாறிவிட்டது. நனைந்த இலையிலிருந்து நிகோட்டின் நீரில் கரைந்து, தோல் வழியாகவே உடம்பில் ஏறும். பச்சைப் புகையிலை நோய் என்று இதற்குப் பெயர். அமெரிக்க வைத்தியர்கள் இதைப் பற்றி எழுதியது 1970இல், புளோரிடாவில் புகையிலை பறித்தவர்களைப் பார்த்து. பரிகாரம் பெரிதல்ல: பனி உலர்ந்தபின் வேலைக்கு இறங்குவது, கையை மறைக்கும் உறை, முழுக்கைச் சட்டை, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுவது. இதை அவர் அந்தப் பெண்களிடம் சொன்னார். "உறை போட்டா கிள்ள வராதுங்களே" என்றாள் மூத்தவள். மெல்லிய உறையில் கிள்ள வரும் என்றார் இவர். முதியவரைப் பார்த்து, "பத்து மணிக்கு மேல் இறக்கினால் என்ன ஐயா?" என்று கேட்டார்.

முதியவர் உடனே பதில் சொல்லவில்லை. மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார். அவள் அவருடைய பேத்தி என்று அப்போதுதான் தெரிந்தது.

"காரம் தோல் வழியா ஏறுமா?" என்று கேட்டார்.

"ஏறும்."

"நாக்கிலே வச்சாத்தான்னு நினைச்சேன்" என்றார். பிறகு எழுந்து போய்ப் பெண்களிடம் ஏதோ சொன்னார். அவர்கள் கிள்ளுவதை நிறுத்திக் கிணற்றடிக்குப் போனார்கள். குழாயைத் திருப்பி முழங்கை வரை தேய்த்துக் கழுவினார்கள். பிசின் சீக்கிரம் போகவில்லை. நாம் விடைபெற்றுச் சாலைக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றபோதும் கழுவிக்கொண்டிருந்தார்கள்.